பதினாறு நாள் ரெக்கார்டிங்

டிவியை மூடிப் போட்டிருந்த வெள்ளை வேட்டியில் ஓர் ஈரத் திட்டு இருந்தது. உள்ளங்கை அகலம்தான். நடுவில் பழுப்பேறி, ஓரத்தில் காய்ந்தும் காயாமலும், துணிக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாரோ வாயை வைத்து ஊதிக்கொண்டே இருந்ததுபோல. காரியத்துக்கு மூன்று நாள் இருக்கும்போதுதான் பூர்ணிமா அதை முதலில் பார்த்தாள். மழை கிடையாது. தளம் போட்ட வீடு, ஒழுகவும் வழியில்லை. துக்கம் கேட்க வந்தவர்களில் எவளாவது பிள்ளை கையில் டம்ளரைக் கொடுத்திருப்பாள், அது கொட்டித் தொலைத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். நினைத்ததுமே கோபம் வந்தது. இந்தப் பதிமூன்று நாளாக எதை நினைத்தாலும் அவளுக்குக் கோபம்தான் வந்தது.

அந்த வேட்டி மாமனாருடையது. வீரையன் செத்த அன்று சாயங்காலம் ஒரத்தநாட்டிலிருந்து வந்து இறங்கிய நாத்தனார் பிரகதீஸ்வரி, அப்பாவின் கால்மாட்டில் விழுந்து அழுது முடித்த கையோடு செய்த முதல் வேலை, கொடியில் கிடந்த வேட்டியை உருவி டிவியின் மேல் போட்டதுதான்.

"பதினாறு முடியற வரைக்கும் இத யாரும் தொடக் கூடாது பூர்ணிமா. சுவிட்ச அமத்திடு."

"சரிங்க அண்ணி."

அமர்த்தினாள். டிவியின் சுவிட்சை மட்டும். பக்கத்திலிருந்த செட்டாப் பாக்ஸின் சுவிட்ச் அப்படியே இருந்தது. சாவு வீட்டில் டிவி போடக் கூடாது என்றுதான் சாஸ்திரம், பெட்டி தன்பாட்டுக்கு ஓடக் கூடாது என்று யார் சொன்னது? அதன் பின்னால் செருகியிருந்த பென் டிரைவில் தினமும் மத்தியானம் இரண்டு மணி சீரியல் தானாகவே ரெக்கார்டு ஆகும்படி எப்போதோ போட்டு வைத்திருந்தாள். இரண்டு மணி என்பது மாமனாருக்குச் சோறு கரைத்து ஊட்டும் நேரம், துணி மாற்றும் நேரம். இந்த வீட்டில் அவள் ஒரு சீரியலைக்கூட அது வரும் நேரத்தில் பார்த்தது கிடையாது. ராத்திரி எல்லாரும் அடங்கின பிறகு, சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு, ரெக்கார்டு ஆனதைப் பார்த்துவிட்டுப் படுப்பாள். அந்த அரை மணி நேரம்தான் அவளுடையது. அதைப் பதினாறு நாளைக்கு விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசில்லை. வேட்டிக்கு அடியில் பெட்டியின் சிவப்பு விளக்கு ஒரு மிளகாய் விதை அளவுக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. யாரும் கவனிக்கவில்லை.

ஆறு வருஷம். இடது பக்கம் முழுக்க விழுந்து, வாய் கோணி, பேச்சு போய், வீரையன் கூடத்தில் டிவிக்கு எதிரே இரும்புக் கட்டிலில் கிடந்த ஆறு வருஷம். வலது கை மட்டும் கடைசிவரைக்கும் நல்ல தெம்பு. தண்ணீர் வேண்டுமென்றால் எவர்சில்வர் டம்ளரால் கட்டில் கம்பியில் தட்டுவார். சேனல் மாற்றத் தட்டுவார். துணி நனைந்தால் தட்டுவார். ஒன்றுமே வேண்டாமென்றாலும் தட்டுவார், அவள் வந்து நின்றதும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். கணவன் செந்தில்குமார் நல்ல மனுஷன்தான், வயலுக்குப் போனால் வீடென்று ஒன்று இருப்பதையே மறந்துபோகிற நல்ல மனுஷன். சிங்கப்பூரில் இருக்கும் கொழுந்தன் மாதம் ஒருமுறை வீடியோ காலில் அப்பாவைப் பார்த்து அழுவான், அழுதுவிட்டு வைத்துவிடுவான். பிரகதீஸ்வரி பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வந்து, அப்பாவின் முதுகைத் திருப்பிப் பார்த்து, "புண்ணு வந்திருக்கே, நேரத்துக்குத் திருப்பிப் போடுறதில்லையா நீ?" என்று கேட்டுவிட்டு, சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவாள். செத்த பிறகு எல்லாருக்கும் அப்பா வேண்டும். இருந்தபோது பீயை அள்ளியது யார்? பூர்ணிமாவுக்கு நெஞ்சு எரிந்தது.

ஆனால் எரிச்சலுக்கு அடியில் இன்னொன்று கிடந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அன்றைக்குச் சம்பா அறுப்பு. மெஷின் வருகிறதென்று விடிகாலையிலேயே எழுந்து பத்துப் பேருக்குச் சமைத்து அனுப்பினாள். இடையில் மூன்று தரம் மாமனாருக்குத் துணி மாற்றினாள், சோறும் அன்றைக்குச் சீக்கிரமே ஊட்டினாள். இரண்டு மணிக்குத் தட்டில் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்து முதல் வாயை எடுத்தாள். டம்ளர் சத்தம். எழுந்து கூடத்துக்குப் போனாள். வீரையன் அவளையே பார்த்துக்கொண்டு தட்டினார். கண் பிதுங்கியிருந்தது, வாயில் எச்சில் நுரைத்திருந்தது. வழக்கமான தட்டல் இல்லை அது. விடாமல், நெருக்கி நெருக்கித் தட்டினார். வேறு மாதிரி என்று அவளுக்குத் தெரிந்தது. தெரியவில்லை என்று இன்றைக்கும் அவளால் தன்னிடமே சொல்லிக்கொள்ள முடியாது. ஒரு நிமிஷம் நின்று பார்த்தாள். பிறகு ரிமோட்டை எடுத்து டிவி சத்தத்தை நன்றாக ஏற்றி வைத்துவிட்டு, தட்டோடு உள் அறைக்குப் போய் உட்கார்ந்து சாப்பிட்டாள். சீரியல் சத்தத்துக்கு அடியில் கொஞ்ச நேரம் டம்ளர் கேட்டது. பிறகு நின்றது. அப்பாடா என்று படுத்தாள். மூன்று மணிக்கு எழுந்து வந்தபோது டம்ளர் தரையில் கிடந்தது.

தூக்கத்திலேயே போய்விட்டார் என்று சொன்னாள். புண்ணியவான், நல்ல சாவு என்றது ஊர். மாமனாரை ஆறு வருஷம் தாங்கிய மருமகள் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அந்தப் பெயர் மட்டும்தான் இத்தனைக்கும் அவளுக்கு மிஞ்சியது. அன்றைக்கு அவள் என்ன செய்தாள் என்று தெரிந்தால் செந்தில்குமார் அடிக்க மாட்டான், ஆயுசுக்கும் முகத்தைப் பார்க்க மாட்டான். பிரகதீஸ்வரி ஊரைக் கூட்டுவாள். சென்னை ஹாஸ்டலில் இருக்கும் மகள் காது வரைக்கும் போகும். கூடாது. யார் காதுக்கும் அது போகவே கூடாது.

பதினாறாம் நாள் காலையில் ஆற்றங்கரையில் காரியம் முடிந்து, மத்தியானம் பந்தி முடிந்து, உறவுக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள். பிரகதீஸ்வரி கூடத்துக்கு வந்து டிவியின் மேலிருந்த வேட்டியை எடுத்தாள். எடுத்தவள் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"என்னடி இது, சொதசொதன்னு இருக்கு?"

"யாரோ தண்ணி கொட்டிட்டாங்க போல அண்ணி."

பிரகதீஸ்வரி வேட்டியை மூக்கருகே கொண்டுபோனாள். அவள் கண் நிறைந்தது. "அப்பா வாடை. தைலமும் எச்சிலுமா, அப்படியே அப்பா வாடை அடிக்குது. பதினாறு நாளாச்சு, இன்னும் போகல பாரு."

அந்த வேட்டி துவைத்துக் கொடியில் காய்ந்த வேட்டி. அதில் எந்த வாடையும் இருந்திருக்க நியாயமில்லை.

செந்தில்குமார் வண்டிச் சாவியோடு வாசலில் நின்றான். காரியம் முடிந்த அன்றே, நடை திறக்கும் நேரத்துக்கு டவுன் கோயிலுக்குப் போய்ச் சாமி கும்பிட்டுவிட்டு வர வேண்டும். "நீ வரலியா?" என்றான்.

"பாத்திரம்லாம் அப்படியே கெடக்குங்க. நீங்களும் அண்ணியும் போயிட்டு வாங்க."

பிரகதீஸ்வரி செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பினாள். "பூர்ணிமா, அந்த ரெண்டு மணி நாடகம் உன் பொட்டில ரெக்கார்டு ஆயிருக்கும்ல? நானும் பதினாறு நாளா பாக்கல. அதுக்குள்ள பாத்துறாத. வந்து மொத நாள்லேருந்து சேந்து பாப்போம்."

வண்டிச் சத்தம் வாய்க்கால் பாலம் தாண்டித் தேய்ந்தது. மணி ஒன்றே கால்.

வீடு வெறிச்சென்று ஆயிற்று. கொல்லைப்பக்கம் குவித்திருந்த எச்சில் இலைகளின் புளித்த வாசனையும், படையலுக்கு ஏற்றிய சாம்பிராணியும், ஜன்னல் வழியாக மிதந்து வந்த வைக்கோல் தூசியும் கலந்து கூடத்தில் தேங்கியிருந்தன. தூரத்தில் யாருடைய வயலிலோ அறுப்பு மெஷின் போய்த் திரும்பிப் போய்த் திரும்பி இரைந்துகொண்டிருந்தது. கட்டில் கிடந்த இடத்தில் நான்கு கால் தடங்களும் தரையில் பதிந்து வெளுத்துத் தெரிந்தன. மேலே மாலை போட்ட படத்தில் பக்கவாதம் வருவதற்கு முந்தைய வீரையன், நேரான வாயோடு. பூர்ணிமா பாத்திரத்தைத் தொடவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு டிவியைப் போட்டாள். வந்து சேர்ந்து பார்க்க வேண்டுமாம். என் அரை மணி நேரத்திலும் இவளுக்குப் பங்கு!

ரெக்கார்டிங் பட்டியல் வந்தது. பதினைந்து வரிசை, தேதி போட்டு. முதல் தேதி அவர் செத்த அன்றைய தேதி. அதில் கை போகவில்லை. இரண்டாவதை அமுக்கினாள்.

சீரியலின் பாட்டு வரவில்லை. திரை வெளிறிக் கிடந்தது. சிக்னல் கோளாறு என்று அவள் ரிமோட்டைத் தூக்கினாள், அப்போதுதான் அந்த வெளுப்பில் இழைகள் தெரிந்தன. நெடுக்கிலும் குறுக்கிலும் ஓடும் நூல் இழைகள். துணி. அந்தத் துணிக்கு அப்பால் மங்கலாக ஒரு கூடம், பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் பெண்கள், சுவரில் தேதி கிழிக்கும் காலண்டர், மேலே சுற்றும் ஃபேன். அவளுடைய கூடம். டிவி இருக்கும் இடத்திலிருந்து வேட்டி வழியாகப் பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படி.

கேமரா எதுவும் இந்த வீட்டில் கிடையாது. அந்தப் பெட்டியில் கேமரா இல்லை. அவளுக்கு அது நன்றாகத் தெரியும்.

திரையில் பிரகதீஸ்வரியின் குரல் கேட்டது. "கடைசியா அப்பா எதாவது கேட்டாரா பூர்ணிமா? தண்ணி கிண்ணி?"

அவளுடைய குரலும் கேட்டது. "இல்லங்க அண்ணி. தூக்கத்துலயே போயிட்டாரு."

துணிக்கு இந்தப் பக்கத்தில், மிக அருகில், யாரோ மூச்சு இழுத்தார்கள். ஈரமான, கரகரத்த, பாதியில் சிக்கிக்கொள்ளும் மூச்சு. ஆறு வருஷம் ராத்திரி பகலாகக் கேட்ட மூச்சு. அது ஒரு முறை முனகியது.

பூர்ணிமாவின் கை ரிமோட்டை அமுக்கி நிறுத்தியது. அவள் நிறுத்தவில்லை, கைதான் நிறுத்தியது. வெளியே மெஷின் இரைந்துகொண்டேயிருந்தது. அந்தச் சாதாரணச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு ஐந்தாம் நாளை அமுக்கினாள். அதே துணி, அதே கூடம், அதே மூச்சு. ஆனால் காட்சி இப்போது ஒரே இடத்தில் நிற்கவில்லை. அவள் காப்பித் தட்டோடு இடமிருந்து வலமாக நடந்தால் அதுவும் மெல்ல வலது பக்கம் திரும்பியது. அவள் சமையலறைக்குள் போய்விட்டால் வாசற்படியையே பார்த்தபடி காத்திருந்தது. வேறு யாரையும் அது பார்க்கவில்லை. ஒன்பதாம் நாளில் கூடத்தில் ஆளே இல்லை, எல்லாரும் எங்கோ போயிருந்தார்கள். வேகமாக ஓட்டிப் பார்த்தாள், அரை மணி நேரமும் காட்சி உள் அறைக் கதவின் இடுக்கிலேயே நின்றது. இடுக்கில் தெரிந்தது அவளுடைய கால். மத்தியானத் தூக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்று போட்ட அவளுடைய பாதம்.

அப்படியென்றால் முதல் நாளில்?

அமுக்கினாள்.

அதில் துணி இல்லை. பளிச்சென்று கூடம். இரும்புக் கட்டில், அதில் வீரையன், கையில் டம்ளர். தட்டுகிறார், தட்டுகிறார். சோற்றுக் கையோடு அவள் வந்து நிற்கிறாள். ஒரு நிமிஷம். முழுசாக ஒரு நிமிஷம், திரையின் மூலையில் நொடிகள் ஓடுகின்றன. அவளுடைய முகம் நேராக இந்தப் பக்கம் பார்க்கிறது. அந்த முகத்தில் இருந்த வெறுப்பை அவளே இதற்கு முன்னால் பார்த்ததில்லை. கை ரிமோட்டை எடுக்கிறது. சத்தம் ஏறுகிறது. அவள் போகிறாள். பிறகு வீரையன் மட்டும். அவருடைய உடம்பு வில்லாக வளைகிறது.

முதல் நாளிலிருந்து சேர்ந்து பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள் பிரகதீஸ்வரி.

மணி ஒன்று நாற்பது. பூர்ணிமா முதல் நாளை அழித்தாள். அழிக்கட்டுமா என்று கேட்டது, ஆமாம் என்று அமுக்கினாள், வரிசை மறைந்தது. இரண்டு. மூன்று. ரிமோட் வியர்வையில் வழுக்கியது. "அழிஞ்சு தொல, அழிஞ்சு தொல" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். எட்டு. ஒன்பது. பயத்தைவிடக் கோபம்தான் அவளை வேகமாக ஓட வைத்தது. இருந்தபோது உசிரை எடுத்தார், செத்தும் எடுக்கிறாரா? பதிமூன்று. பதினான்கு. பதினைந்தில் விரல் நழுவி அழிப்பதற்குப் பதிலாக ஓட வைத்துவிட்டது.

நேற்றைய மத்தியானம். இழைகள் இல்லை. மூச்சுச் சத்தம் இல்லை. திரையில் இருந்தது ஒரு மேஜையும், அதன்மேல் வேட்டி போட்டு மூடிய டிவியும்.

டிவியை எதிரிலிருந்து பார்க்கும் காட்சி. கூடத்தின் நடுவிலிருந்து.

வெளியே வந்துவிட்டது.

காட்சி மெதுவாகத் திரும்பியது. உள் அறைக் கதவை நோக்கி நகர்ந்தது. நேராக நகரவில்லை. ஓர் அடி, பிறகு தரையில் எதையோ இழுக்கும் சத்தம். ஓர் அடி, இழுப்பு. கதவு தள்ளப்பட்டது. கட்டிலில் அவள். வாய் லேசாகத் திறந்து, தூக்கத்தில். காட்சி அவளுடைய முகத்தின்மேல் குனிந்தது. குனிந்தது. மூக்குத்தி மட்டும் தெரியும் அளவுக்கு. அங்கேயே நின்றது. வெகு நேரம்.

திரை கறுத்தது.

நேற்று அவள் எழுந்தபோது கன்னம் ஈரமாக இருந்தது. வியர்வை என்று துடைத்துக்கொண்டாள்.

டப் என்று பெட்டியின் விளக்கு கண்ணடித்தது. மணி இரண்டு. இன்றைய ரெக்கார்டிங் ஆரம்பித்துவிட்டது.

மெஷின் சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை. ஃபேன் சுற்றியது, சத்தமில்லாமல். தைல வாடை. பின்கழுத்தில் ஈரக் காற்று பட்டது. விட்டு, விட்டு.

அவள் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. கறுத்த திரையில் தன் நிழலைப் பார்த்தாள். அவள் மட்டும்தான் இருந்தாள். பின்னால் யாரும் இல்லை. ஆனால் அந்தக் கண்ணாடியில் தெரிந்த பூர்ணிமாவின் வாய் ஒரு பக்கம் கீழே இழுத்திருந்தது.

அவளுக்குள் என்னவோ அறுந்தது. ஆறு வருஷமாக முழுங்கியதெல்லாம் ஒன்றாகக் கிளம்பி மேலே வந்தது.

"என்னய்யா வேணும் ஒனக்கு?" என்று கத்தினாள். மாமா, வாங்க, போங்க எல்லாம் போய்விட்டது. "ஆமா! கேட்டுச்சு! நீ தட்டுனது கேட்டுச்சு! சாவப்போறேன்னு தெரிஞ்சுது! தெரிஞ்சுதான் போய்ச் சோறு தின்னேன்! என்ன பண்ணுவ? நீ பெத்ததுங்கள்ல ஒண்ணாவது உன் பக்கத்துல இருந்துச்சா? நாந்தான் கெடைச்சேனா? செத்தும் நாந்தான் கெடைச்சேனா?"

ஓடிப்போய்த் திரையில் தெரிந்த அந்தக் கோணல் வாயை ஓங்கி அறைந்தாள்.

கண்ணாடி சில்லென்று இருந்தது. நிழலும் கையை உயர்த்தி அவள் கையோடு வைத்திருந்தது. உள்ளங்கையும் உள்ளங்கையும்.

பிறகு அது தன் கையை எடுத்தது.

அவளுடைய கை வரவில்லை.

இழுத்தாள். வரவில்லை. அந்தப் பூர்ணிமா இரண்டடி பின்னால் போய் நின்று, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, அவளைப் பார்த்தாள். அந்தப் பூர்ணிமாவுக்குப் பின்னால் காலண்டர் இருந்தது. மாலை போட்ட படம் இருந்தது. கட்டில் கால் தடங்கள் இருந்தன. வாசல் வெளிச்சம் இருந்தது. பூர்ணிமா பார்த்துக்கொண்டிருப்பது கூடத்தை. வெளியே இருப்பது கூடம். அவள் உள்ளே இருக்கிறாள். இந்தப் பக்கம் இருட்டு, கண்ணாடி, இடுப்புக்குக் கீழே எதுவும் இல்லாத ஒரு குளிர்.

கத்தினாள். தொண்டை கிழியக் கத்தினாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

அந்தப் பூர்ணிமா திரும்பிச் சமையலறைக்குப் போனாள். ஓர் அடி. இழுப்பு. ஓர் அடி. பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டது. நேரம் போயிற்று. வண்டி வந்து நின்றது. பிரகதீஸ்வரியின் நெற்றியில் விபூதி, செந்தில்குமாரின் கையில் அர்ச்சனைப் பை. பூர்ணிமா கண்ணாடியை இரண்டு கையாலும் அடித்தாள். என்னங்க! இங்க பாருங்க! என்னங்க! அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.

"காலுல என்ன, நொண்டுற?" என்று சமையலறைப் பக்கம் பார்த்துக் கேட்டான்.

"மரத்துப்போச்சுங்க" என்றது அவளுடைய குரல். வார்த்தை கொஞ்சம் குழறியது. அவன் அதைக் கவனிக்கவில்லை. ஆறு வருஷமாக அவன் எதைத்தான் கவனித்தான்?

மூன்று பேரும் பாயில் வந்து உட்கார்ந்தார்கள். பந்தியில் மிஞ்சிய வடையும் பாயசமும் வந்தன. மூவரும் திரையில் அவளை நேராகப் பார்த்தார்கள். பூர்ணிமா கைகூப்பினாள். சொல்லிவிடலாம். யாருக்கும் தெரியக் கூடாது என்று நினைத்ததை எல்லாம் சொல்லிவிடலாம், கேட்டுவிட்டு அடிக்கட்டும், விரட்டட்டும், ஊரே காறித் துப்பட்டும், கேட்டால் போதும். அண்ணி, நாந்தான் அண்ணி, அவரு தட்டுனாரு, எனக்குக் கேட்டுச்சு அண்ணி. ஒவ்வொரு வார்த்தையாக, வாயை நன்றாகத் திறந்து திறந்து சொன்னாள். கண்ணீர் கொட்டியது.

பிரகதீஸ்வரி பாயசத்தை உறிஞ்சிக்கொண்டே தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "யாருடி இவ, புதுசா? உன் சாடையா இருக்கா. இந்தப் பதினாறு நாள்ல வந்திருக்கா போலருக்கு. என்னமா அழுவுறா பாரேன்."

"சத்தம் வரலையே" என்றான் செந்தில்குமார்.

"அழுவுறதுதானங்க" என்றது பாயில் இருந்த பூர்ணிமா, கடைவாயில் வழிந்ததை முந்தானையால் ஒற்றிக்கொண்டு. "அதுக்கு எதுக்கு சத்தம்? படம் தெரியுதுல்ல."

"அதுவும் சரிதான்" என்று பிரகதீஸ்வரி சிரித்தாள்.

செந்தில்குமார் எழுந்தான். டிவிக்குப் பக்கத்தில் வந்தான். இன்னும் பக்கத்தில். அவனுடைய கண், மூக்கு, மீசையில் ஒட்டியிருந்த விபூதி, எல்லாம் ஒரு சாண் தூரத்தில். புருவத்தைச் சுருக்கி உற்றுப் பார்த்தான். பூர்ணிமா கண்ணாடியில் முகத்தை அழுத்தி, அவன் பெயரையே சொல்லிக் கத்தினாள், கட்டின புருஷனை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

அவள் வாய்க்கு நேரே கண்ணாடியில் மூச்சுப் பட்டு ஈரம் பூத்திருந்தது. அவன் தோளில் கிடந்த துண்டை எடுத்து அந்த இடத்தை நன்றாகத் துடைத்துவிட்டு, போய் உட்கார்ந்து வடையைப் பிட்டான்.